வெள்ளைக் கன்று போட்ட எருமையை விற்கலாமா?

கேள்வி: ஐயா, பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கம் எங்களுக்கு ஆறு எருமைகளும் நாலு பன்னூர் செம்மறி ஆடுகளும் இருக்கின்றன. போன வாரம் நான்கு வயது எருமை ஒன்று தலைச்சன் ஈத்தில் கிடேரி போட்டது. கன்று உடம்பு முழுக்க வெள்ளை. மூக்கு, குளம்பு, காம்பு எல்லாம் ரோஸ் நிறம். வெளிச்சம் பட்டால் கண் சிவப்பாகத் தெரிகிறது, ஆடிக்கொண்டே இருக்கிறது. சினையாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே கட்டியிருந்ததால் இப்படி ஆனது என்கிறார் அம்மா. தீவனக் கடையில் காப்பர் குறைவு என்று இரண்டு பாட்டில் டானிக் கொடுத்தார்கள். 'வெள்ளை போட்ட எருமை வீட்டுக்கு ஆகாது' என்று ஒரு தரகர் பாதி விலைக்குக் கேட்கிறார். தாயை விற்றுவிடலாமா? அதன் பாலைக் குடிக்கலாமா? அடுத்த ஈத்தும் வெள்ளையாகத்தான் வருமா? எப்போதும் பெரியப்பா வீட்டுக் கிடாவிடம்தான் சேர்ப்போம். எட்டு வருஷமாக இருக்கும் நல்ல கிடா, இந்த எருமையும் அதற்குப் பிறந்ததுதான்.

பதில்: தம்பி, கடிதம் முழுக்கத் தாயைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பதில் உங்கள் கடைசி வரியில் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் அவசரமான விஷயம். அந்த டானிக்கை ஆட்டுக்கொட்டகைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மிச்சம் வீணாகிறதே என்று ஆட்டுக்கும் ஒரு மூடி ஊற்றுகிற வழக்கம் நம் ஊரில் உண்டு. மாடும் எருமையும் தாங்குகிற காப்பரைச் செம்மறி தாங்காது. அது ஈரலில் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். பிறகு ஒரு நாள் மூத்திரம் சிவந்து, கண் மஞ்சளாகி, ஆடு விழுந்துவிடும்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது விலைபோகிறது. மெலனின் என்ற கருநிறத்தை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதி வேலை செய்யக் காப்பர் வேண்டும். காப்பர் குறைந்த எருமைக்குக் கறுப்பு மயிர் பழுப்படித்துப் போகும், தோலில் வெள்ளைத் திட்டுகள் வரும். ஆனால் அது பிறந்து வளர்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வருவது. கறுப்புக் கண் சிவப்புக் கண்ணாகாது. உங்கள் கன்றுக்கோ அந்த நொதியே சரியாக உருவாகவில்லை. மோட்டாரே இல்லாத போர்வெல்லுக்கு எத்தனை கேன் டீசல் வாங்கி வைத்து என்ன? கன்றைப் பார்க்காமலேயே கவுண்டரில் நின்று நோயைச் சொல்கிறவரிடம் தீவனம் மட்டும் வாங்குங்கள்.

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அன்று வெளியே கட்டியிருந்த மற்ற சினை எருமைகள் என்ன நிறத்தில் போட்டன என்று அம்மாவிடமே கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கன்று அல்பினோ, அதாவது பிறவியிலேயே கருநிறம் இல்லாதது. வெள்ளையாக இருப்பதெல்லாம் அல்பினோ ஆகிவிடாது. உங்கள் ஊர் ஹள்ளிகார் மாட்டையே பாருங்கள். மயிர் வெளுப்பாக இருந்தாலும் கீழே தோல் கறுப்பு, மூக்கு கறுப்பு, கண் கறுப்பு. மயிரை ஒதுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். நீங்கள் எழுதிய அடையாளங்களை, அதிலும் கண் ஆடுவதைப் பார்த்தால், எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. கருவிழியில் நிறம் இல்லாததால் உள்ளே இருக்கும் ரத்த நாளங்களின் சிவப்பு வெளியே தெரிகிறது. இருந்தாலும் கால்நடை மருத்துவரை ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, கிடாவுக்கு வருவோம். கன்றுக்கு எந்தக் குணமும் இரண்டு பிரதியாக வருகிறது, அப்பன் கொடுத்தது ஒன்று, ஆத்தாள் கொடுத்தது ஒன்று. ஒரே கிணற்றில் இரண்டு மோட்டார் போட்டது போல. ஒன்று கெட்டாலும் மற்றது ஓடித் தண்ணீர் வரும், கெட்டது வெளியே தெரியாது. இரண்டும் கெட்டால்தான் வறட்சி. ஆகவே உங்கள் கன்று வெள்ளை என்றால் தாயிடமும் கிடாவிடமும் ஆளுக்கு ஒரு கெட்ட பிரதி இருக்கிறது. இரண்டும் பார்க்கக் கன்னங்கரேல் என்றுதான் இருக்கும். பிரேசிலில் எருமைகளை ஆராய்ந்து 2012-இல் இதை வெளியிட்டார்கள். டைரோசினேஸுக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, நொதி முழுசாக உருவாகாமல் நின்றுபோகிறது.

தாய்க்கு அந்தக் கெட்ட பிரதி எங்கிருந்து வந்திருக்கும்? அதன் அப்பனிடமிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த அப்பனிடமே அதைத் திரும்பச் சேர்த்திருக்கிறீர்கள். இப்படிப்பட்ட கிடாவின் மகள்களில் சராசரியாகப் பாதிப் பேர் கெட்ட பிரதியைச் சுமப்பார்கள். மகள்களை அப்பனிடமே விட்டால் எட்டுக் கன்றுக்கு ஒன்று வெள்ளையாக வரும். இத்தனை வருஷம் ஒன்றும் தெரியாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். வெள்ளை நிறமாவது கண்ணில் படுகிறது. சினை நிற்காமல் போவது, நோஞ்சான் கன்று, தலைமுறைக்குத் தலைமுறை குறைகிற பால், இவையும் இதே வழியில் வரக்கூடும், அவற்றுக்கு நாம் தீவனத்தையும் வெயிலையும் குறை சொல்கிறோம். ஒரு கிடாவை ஊரில் மூன்று வருஷத்துக்கு மேல் வைக்காதே என்று முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். அதன் மகள்கள் பருவத்துக்கு வருமுன் அது மாறியாக வேண்டும். 'நல்ல கிடா சார், சாது' என்பார்கள். சாதுவாக இருப்பது சேர்க்கைக்கு ஒரு தகுதியா?

ஒசகோட்டே பக்கம் ஓர் அம்மா இருக்கிறார், எழுதப் படிக்கத் தெரியாது. சினை ஊசி போட்டு முடிந்ததும், காளையின் விந்து இருந்த அந்தக் காலிக் குழலைக் கேட்டு வாங்கி, மாட்டின் பெயர் சொல்லி, தினசரிக் காலண்டரின் அந்தத் தேதித் தாளோடு சேர்த்து நூலால் கட்டிவிடுவார். குழல் துடைப்பக் குச்சி அளவுதான் இருக்கும், அதன் மேலேயே காளையின் நம்பர் அச்சாகியிருக்கும். கொட்டகைத் தூணில் வரிசையாக அவை தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். கன்று பெரிதானதும் ஊசி போட வருகிறவரிடம் தாயின் குழலைக் காட்டி, "இந்த நம்பர் வேண்டாம்" என்பார். அவ்வளவுதான் வம்சப் பதிவு. ஊசி என்றாலே நெருங்கிய ரத்தம் வராது என்று நினைக்காதீர்கள், நம்பர் பார்க்காமல் போட்டால் அதுவும் பெரியப்பா வீட்டுக் கிடா மாதிரிதான். ஹெசரகட்டாவில் மத்திய அரசின் உறைவிந்து நிலையம் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. எருமையின் பருவம் லேசில் தெரியாது, வெயில் காலத்தில் இன்னும் மோசம், கிடா இருந்தால் அதுவே கண்டுபிடித்துவிடும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். விடியற்காலையிலும் இருட்டின பிறகும் பத்து நிமிஷம் கொட்டகையில் நின்று பாருங்கள். கண்ணாடி போல் வழும்பு தெரிந்தால், காலையில் கண்டதற்குச் சாயங்காலம் ஊசி போடலாம்.

இப்போது நீங்கள் கேட்டவை. தாயை விற்காதீர்கள். சம்பந்தமில்லாத எருமைக் கிடாவின் ஊசி போட்டால் அடுத்த கன்று கறுப்பாகவே பிறக்கும் என்று நம்பலாம். அதே கிடாவிடம் விட்டால், இது கெட்ட பிரதியைச் சுமப்பது தெரிந்துவிட்டதால், ஒவ்வொரு ஈத்திலும் வெள்ளை வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒருமுறை வந்துவிட்டது, இனி வராது என்கிற கணக்கு இதில் கிடையாது. பாலுக்கு ஒரு குறையும் இல்லை. தரகருக்கு வேண்டியது உங்கள் பயம். நாலு வயது எருமை பாதி விலைக்கு வேறெங்கே கிடைக்கும்? இரண்டு பேர் சேர்ந்து கொடுத்ததற்குத் தாய் மேல் மட்டும் பழி போடுவது மனுஷர் வீட்டிலும் நடப்பதுதான், அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

கன்றை வளருங்கள். வளர்ந்தபின் அந்நிய எருமைக் கிடாவின் ஊசி போட்டால் அதற்கும் கறுப்புக் கன்றே பிறக்கும், கெட்ட பிரதி ஒன்றை மட்டும் சுமந்துகொண்டு. வெயில்தான் அதற்கு எதிரி. பெங்களூர்ப் பக்கம் கடல் மட்டத்துக்குத் தொள்ளாயிரம் மீட்டர் மேலே. காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் உறைக்காது, ஆனால் நிறமில்லாத தோல் வெந்துவிடும். காது நுனி, மூக்கு, மடி ஆகியவற்றைத் தினமும் பாருங்கள். ஆறாத புண்ணோ கண்ணோரம் சதை வளர்ச்சியோ தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள், புற்றாக மாறக்கூடும். காலை எட்டு மணிக்குள்ளும் மாலை ஐந்துக்கு மேலும் வெளியே விட்டால் போதும். சேற்றில் புரண்டால் புரளட்டும், நல்லதுதான். பார்வை மட்டாக இருக்கும், வெளிச்சத்தில் கண் கூசும். தண்ணீர்த் தொட்டியை இடம் மாற்றாதீர்கள், பக்கவாட்டில் போகும்போது குரல் கொடுத்துக்கொண்டே போங்கள்.

பெரியப்பாவின் கிடாவை இனச்சேர்க்கையிலிருந்து எடுக்க வேண்டும். அடுத்த ஊருக்கு விற்றால் இதே கடிதத்தை வேறொருவர் எழுதுவார். அதற்குப் பிறந்த கிடேரிகள் உங்கள் ஊரில் எத்தனை வீட்டில் இருக்கின்றன, அவற்றில் எத்தனை அதனிடமே சினையாகியிருக்கின்றன என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். பெரியப்பாவிடம் எப்படிப் பேச்செடுப்பது என்று அப்புறம் பார்க்கலாம்.