தசை மின் பரிசோதனையும் இயக்க நரம்பணு நோயும்: கேள்வி பதில்

கேள்வி (ஈரோடு): ஐயா, 66 வயதான என் அப்புச்சிக்கு வலது கை மட்டும் மெலிந்து, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ஈ.எம்.ஜி. (தசையில் ஊசி குத்தி மின் அலைகளைப் பதியும் சோதனை) எடுத்தபோது நாக்கு, முதுகு, நன்றாக இருக்கும் கால் என எல்லா இடத்திலும் ஊசி குத்தினார்கள். கைக்கு வந்த நோய்க்கு இதெல்லாம் எதற்கு?

பதில்: தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் இயக்க நரம்பணு நோயைச் சந்தேகிக்கும்போது, கண்ணுக்கு மெலிவு தெரியாத தசைகளிலும் நரம்பிழப்பு தொடங்கிவிட்டதா என்று பார்த்தாக வேண்டும். அதற்காக உடலை மூளைத்தண்டு, கழுத்து, மார்பு, இடுப்பு என நான்கு பகுதிகளாகப் பிரித்துச் சோதிப்பது வழக்கம்; நாக்கு முதற்பகுதியைச் சேர்ந்தது. நரம்பை இழந்த தசை இழைகள் ஓய்விலும் தாமாகச் சிற்றலைகளை எழுப்பும். கருவியின் ஒலிபெருக்கியில் அவை சீரான ‘டிக், டிக்’ ஒலியாகக் கேட்கும். எஞ்சிய நரம்பணுக்கள் அந்த இழைகளில் சிலவற்றைத் தம்மோடு சேர்த்துக்கொள்வதால், தசையை இறுக்கும்போது வரும் அலைகள் எண்ணிக்கையில் குறைந்தும், உயரத்திலும் அகலத்திலும் பெருத்தும் இருக்கும். முதல் மாற்றம் இப்போது நடக்கும் இழப்பையும், இரண்டாவது சில காலமாக நடந்துவரும் ஈடுகட்டலையும் காட்டுகின்றன.

முதுகில் குத்திய ஊசிதான், என் பார்வையில், இவ்வயதில் மிகவும் பயன் தருவது. கழுத்திலும் இடுப்பிலும் எலும்புத் தேய்மானம் நரம்பு வேர்களை அழுத்தினால் கையும் காலும் மெலியக்கூடும். மார்புப் பகுதியில் அவ்வாறு நேர்வது அரிது என்பதால், அங்குள்ள முதுகுத் தசையிலும் மாற்றம் தெரிந்தால் தேய்மானத்தின் மீது பழியைப் போட்டுவிட முடியாது.

கேள்வி (திருப்பூர்): பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறேன்; வயது 31. ஒரு மாதமாகக் கெண்டைக்கால் துடிக்கிறது. வலுவில் குறையில்லை. இது அந்த நோயா?

பதில்: வலுக்குறைவும் மெலிவும் இல்லாத வெறும் துடிப்பு பெரும்பாலும் தீங்கற்றதே. இயக்க நரம்பணு நோயைக் கண்டறிய 2008-இல் வெளியான அவாஜி நெறிமுறையும், மேற்சொன்ன பெருத்த அலைகள் அதே தசையில் இருந்தால்தான் துடிப்பலைகளைச் சான்றாகக் கொள்கிறது. ஒருமுறை நரம்பு மருத்துவரிடம் நேரில் காட்டிவிட்டு, இணையத்தில் தேடுவதை நிறுத்துங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி): ரிப்போர்ட் நார்மல் என்று வந்தால் நோய் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா? அதே நாளில் கையில் ஷாக் வைத்தும் பார்த்தார்களே, அது ஏன்?

பதில்: அப்படி உறுதியாகச் சொல்ல இயலாது. ஊசிச் சோதனை, தசைகளுக்கு நேரடியாகச் செல்லும் கீழ் இயக்க நரம்பணுக்களின் பாதிப்பை மட்டுமே காட்டும். மூளையிலிருந்து அவற்றுக்குக் கட்டளை கொண்டுவரும் மேல் இயக்க நரம்பணுக்களின் பாதிப்பை மருத்துவர் சுத்தியலால் தட்டி, அனிச்சைச் செயல்களைப் பார்த்துத்தான் பெரும்பாலும் அறிகிறார். தொடக்க நிலையில் ஊசிச் சோதனை தெளிவில்லாமல் இருந்தால், சில மாதங்கள் கழித்து மீண்டும் செய்வதுண்டு. ஷாக் வைப்பது நரம்புக் கடத்தல் சோதனை. அதை யாரும் தவிர்க்கக் கூடாது. இயக்க நரம்பணு நோயைப் போலவே கையை மெலியவைக்கும் பல்குவிய இயக்க நரம்பு நோயில், நரம்பின் நடுவழியில் கடத்தல் தடைபடுவதை அதுவே காட்டிக்கொடுக்கும். அந்நோய்க்கு இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரதம்) சிகிச்சை பலனளிப்பதால், இதைத் தவறவிடுவது பெரிய இழப்பு. கழுத்துத் தண்டுவட அழுத்தத்தை விலக்க எம்.ஆர்.ஐ.யும் வேண்டும்.

கேள்வி (கரூர்): அப்பாவுக்கு அடுத்த வாரம் சோதனை. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். நிறுத்தவா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம், சோதிப்பவரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் அதையும் சொல்லுங்கள். குளித்துவிட்டு, எண்ணெயோ கிரீமோ தடவாமல் வரச் சொல்லுங்கள். கைகால் சில்லிட்டிருந்தால் கடத்தல் வேகம் குறைவாகப் பதிவாகும் என்பதால், போர்த்திச் சூடாக வைத்திருப்பது நல்லது. ஊசி வழியாக மின்சாரமோ மருந்தோ செலுத்துவதில்லை என்பதை அவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.