நண்பர்களோடு கார் எடுத்துக்கொண்டு அரசியல் மாநாட்டுக்குப் போன அனுபவம் உண்டா? எப்படி இருந்தது?

உண்டு, ஒரே ஒரு தடவை. 2024 அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. விக்கிரவாண்டி பக்கம் வி.சாலையில் நடந்த தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநாடு.

நான் கட்சிக்காரன் இல்லை. ரசிகனும் இல்லை என்று எழுதினால் என்னோடு வந்தவர்கள் சிரிப்பார்கள். முதல் நாள் முதல் காட்சிக்கு எத்தனை தடவை லீவு போட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். காரில் நாலு பேர். ஒருவன் வெறித்தனமான விஜய் ரசிகன். இன்னொருவன் பரம்பரைத் திமுக குடும்பம். "வேடிக்கை பார்க்க வர்றேன், அவ்ளோதான். போட்டோ போட்டுத் தொலைக்காதீங்கடா, அப்பா பார்த்தா வீட்டுக்குள்ள விட மாட்டாரு" என்று நிபந்தனை போட்டுத்தான் ஏறினான். மூன்றாமவனுக்கு அரசியலே ஆகாது. ஆனால் கார் அவனுடையது.

தாம்பரத்தில் காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். தீபாவளிக்கு நாலே நாள். ஊருக்குப் போகிற கூட்டமும் கொடி கட்டிய வண்டிகளும் ஒரே ரோட்டில். மதுராந்தகம் தாண்டியதும் பைக்குகள்தான், பாதி வண்டிகளில் மூன்று பேர், ஹெல்மெட் கிடையாது. திண்டிவனத்தில் சாப்பிட இறங்கினால் இட்லி தீர்ந்துவிட்டது, பொங்கல் மட்டும் இருந்தது. கல்லாவில் இருந்தவர், "நேத்து ராத்திரியில இருந்தே இப்படித்தான் தம்பி" என்றார்.

காரை எங்கேயோ நிறுத்திவிட்டு நடந்தோம். சரியான வெயில். முன்னால் போன பலர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தலையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள், குடைக்குப் பதிலாக. நாங்கள் கொண்டுபோன நாலு பாட்டில் தண்ணீர் பதினொரு மணிக்கே காலி. வழியில் ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மா குடத்தோடு நின்று ஊற்றிக் கொடுத்தார். காசை நீட்டினால், "குடிச்சிட்டுப் போப்பா" என்று கையைத் தட்டிவிட்டார்.

திடலில் பெரியார், காமராசர், அம்பேத்கர், வேலு நாச்சியார், அஞ்சலை அம்மாள் கட்அவுட்டுகள். கடைசிப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது, திமுக நண்பனைத் தவிர. கடலூர்க்காரர், 1927-இல் சென்னையில் நீல் துரை என்ற ஆங்கிலேயத் தளபதியின் சிலையை அகற்றச் சொல்லி நடந்த போராட்டத்தில் இறங்கியவர் என்று அங்கேயே பாடம் எடுத்தான். ரசிகனுக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

விஜய் நடந்து வரும் மேடைப் பாதைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது எங்கள் முட்டாள்தனம். சாயங்காலம் அவர் நடந்து வந்து, வீசப்பட்ட துண்டுகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்ட அந்தச் சில நிமிடங்களில் பின்னாலிருந்து ஒரு தள்ளு. நானாகக் கால் வைக்காமலே நாலைந்து அடி நகர்ந்தேன். பக்கத்தில் ஒருவர் தோளில் நாலு வயசுப் பையன். முகத்தில் கொடி வரைந்திருந்தார்கள், வியர்வையில் சிவப்பு மட்டும் கன்னத்தில் வழிந்து கிடந்தது. அவர் தடுமாறியதும் ரசிக நண்பன் பையனை இழுத்துத் தலைக்கு மேலே தூக்கிவிட்டான். கை மாற்றிக் கை மாற்றி ஓரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அப்பா செருப்பில்லாமல் வந்து வாங்கிக்கொண்டார். பையன் அழவே இல்லை. "இன்னொரு தடவை தூக்குங்க மாமா" என்றான்.

பேச்சு? பாம்பைப் பார்த்தும் பயப்படாத குழந்தை, கூட்டணிக்கு வருபவர்களுக்கு ஆட்சியில் பங்கு, இதெல்லாம் காதில் விழுந்தது. முழுசாக மறுநாள் யூடியூபில்தான் கேட்டேன். திரும்பும்போது திமுக நண்பனுக்கும் ரசிகனுக்கும் செங்கல்பட்டு வரை சண்டை. நடுவில் டீ குடிக்க நிறுத்தியபோது அந்தப் பையன் சொன்னதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

போகலாமா என்று கேட்டால், போங்கள். ஆனால் தடுப்புக் கம்பியை ஒட்டி நிற்காதீர்கள், ஓரமாக வெளியேற வழி இருக்கிற பக்கம் நில்லுங்கள், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள்.

சரியாகப் பதினொரு மாதம் கழித்து, 2025 செப்டம்பர் 27, கரூர் வேலுசாமிபுரம். விஜய்யின் பிரசாரக் கூட்டத்தில் நெரிசல், 41 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் உண்டு. அன்று ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தபோது ரசிக நண்பன் போன் செய்தான். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டான்: "மச்சான், அந்தப் பையன் எந்த ஊருன்னு கேட்டோமாடா?"

கேட்கவில்லை.