ஒட்டிய இடத்தில் உடையும் கம்பம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆன்லைன் மேப்பில் ஏற்ற, முக்காலியில் கேமராவைச் சுழற்றி எடுத்த படங்களை 360 டிகிரி படமாக ஒட்டினேன். தூரத்துக் கட்டடங்கள் பிசிறில்லாமல் சேர்கின்றன. பக்கத்தில் நிற்கும் விளக்குக் கம்பம் மட்டும் இரண்டாக வெட்டுப்படுகிறது. சாஃப்ட்வேரை மாற்றியும் சரியாகவில்லை.

பதில்: கோளாறு சாஃப்ட்வேரில் இல்லை. பள்ளியில் படித்த இடமாறு தோற்றம்தான். கட்டைவிரலை நேரே நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் சுவரில் இங்கும் அங்கும் தாவும். முக்காலித் திருகு கேமராவின் அடியில் இருக்கிறது. ஒளி நுழையும் புள்ளியோ லென்ஸுக்குள், சில சென்டிமீட்டர் முன்னால். சுழற்றச் சுழற்ற அந்தப் புள்ளி வட்டமடிக்கிறது. தூரத்துக் கட்டடத்துக்கு இது ஒன்றுமில்லை. ஒரு மீட்டரில் நிற்கும் கம்பத்தை உடைத்துவிடும்.

கேமராவை முன்பின் நகர்த்தும் ஸ்லைடர் பிளேட் ஒன்றைப் பொருத்துங்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மெல்லிய குச்சியை நட்டு, தொலைவிலுள்ள ஒரு கம்பத்தை அது சரியாக மறைக்கும்படி வையுங்கள். கேமராவை வலப்பக்கம் திருப்பும்போது குச்சி கம்பத்துக்கு இடப்பக்கமாக விலகினால், கேமரா அதிகம் முன்னால் இருக்கிறது, பின்னால் தள்ளுங்கள். வலப்பக்கமாக விலகினால் முன்னால் நகர்த்துங்கள். எவ்வளவு திருப்பினாலும் இரண்டும் பிரியாத இடத்தில் பிளேட்டில் கோடு போட்டுவிடுங்கள். ஜூமைத் தொட்டால் அந்த இடம் மாறிவிடும், ஆகவே ஜூம் வளையத்தை டேப்பால் ஒட்டிவிடுவது நல்லது. அடுத்தடுத்த படங்கள் 25 முதல் 30 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியட்டும். எக்ஸ்போஷர் (ஒளியின் அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றும் மேனுவலில் இருக்கட்டும். இல்லையென்றால் வானத்தில் பட்டை பட்டையாக நிறம் மாறும்.

முதுகோடு முதுகாக இரண்டு லென்ஸ் வைத்த 360 கேமராவில் இந்தப் பிழையை அடியோடு ஒழிக்க முடியாது. நெருக்கமான பொருள் இரு லென்ஸுக்கும் நடுவில், பக்கவாட்டில் விழாமல், ஒரு லென்ஸ் அதை நேராகப் பார்க்கும்படி கேமராவைத் திருப்பி வையுங்கள்.

கேள்வி: நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய 360 படம், சுழலாமல் தட்டையாகவே தெரிகிறதே?

பதில்: வழியில் படம் சுருக்கப்பட்டு, ‘இது 360 டிகிரி படம்’ என்று சொல்லும் மெட்டாடேட்டா கழன்றுவிட்டது. மூலக் கோப்பையே டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். அகலம் உயரத்தைப் போல் சரியாக இரு மடங்கு, உதாரணமாக 7680 × 3840, இருக்கிறதா என்றும் பாருங்கள். எடிட் செய்யும்போது ஓரத்தை வெட்டியிருந்தால் இந்த விகிதம் கெட்டுவிடும்.

கேள்வி: கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் எங்கள் வீட்டை மங்கலாக்க முடியுமா?

பதில்: முடியும். முகங்களையும் வண்டி எண்களையும் கணினி தானாகவே மங்கலாக்கும். வீட்டுக்கு நீங்கள்தான் கேட்க வேண்டும். அந்தக் காட்சியைத் திறந்து, பிரச்சினையைப் புகாரளிக்கும் இணைப்பைத் தட்டி, சிவப்புக் கட்டத்துக்குள் வீட்டைக் கொண்டுவந்து அனுப்புங்கள். ஒருமுறை மங்கலாக்கினால் பிறகு நீக்க முடியாது. வீட்டில் எல்லோரையும் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.