மஸ்டாங் ஏன் பன்னிரண்டாம் வளைவில் நிற்கிறது?

பழைய கார்களின் மின்சாரக் கோளாறுகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (வாசகர், ஏற்காடு): எங்கள் காபித் தோட்டத்தில் பெரியப்பா வைத்திருந்த 1966-ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் இருக்கிறது, 289 கன அங்குல வி-8 இன்ஜின். சென்ற ஆண்டு ஒருநாள், செல்ஃப் சுற்றும்போது இன்ஜின் பிடித்துக்கொண்டு, சாவியை விட்டதும் அணைந்துபோனது. எலக்ட்ரீஷியன் ஒருவர் சாவியிலிருந்து காயிலுக்கு (பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் சுருள்) நேராக ஒரு வயர் இழுத்துக் கொடுத்ததும் சரியானது. ஆனால் இப்போது சேலம் போய்த் திரும்பும்போது, பன்னிரண்டாம் கொண்டை ஊசி வளைவை ஒட்டி வண்டி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்துத்தான் கிளம்புகிறது. இரண்டு காயில், மூன்று பாயின்ட் செட் (காயிலின் மின்சாரத்தைத் திறந்து மூடும் தொடுமுனைகள்) மாற்றியாயிற்று. சூட்டில் பெட்ரோல் வழியிலேயே ஆவியாகிவிடுகிறது என்கிறார்கள். பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தலாமா ஐயா?

பதில்: பொருத்தலாம், ஆனால் இப்போது வேண்டாம். பழுது பாயின்ட்டில் இல்லை, அந்த வயரில் இருக்கிறது. உங்கள் வண்டியில் சாவிக்கும் காயிலுக்கும் இடையே ஃபோர்டு நிறுவனம் டேஷ்போர்டுக்குப் பின்னால் இளஞ்சிவப்பு நிற ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) வயர் ஒன்றைப் போட்டிருந்தது. பார்வைக்குச் சாதாரண வயர் போலிருந்தாலும், காயிலுக்குப் போகும் மின்சாரத்தைப் பாதியாக மட்டுப்படுத்துவதே அதன் வேலை. செல்ஃப் சுற்றும் நேரத்தில் மட்டும், செல்ஃபுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான சோலனாய்டின் ‘ஐ’ என்ற சிறிய முனையிலிருந்து காயிலுக்குப் பேட்டரியின் முழு மின்னழுத்தமும் தனி வழியாக வந்து சேரும். சென்ற ஆண்டு செல்ஃபில் பிடித்த இன்ஜின் சாவியை விட்டதும் அணைந்ததற்கு, அந்த இளஞ்சிவப்பு வயரோ அதன் இணைப்போ அறுந்திருந்ததுதான் காரணம் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். எலக்ட்ரீஷியன் கொடுத்த நேர் வயர் இன்ஜினை ஓடவைத்தது உண்மை. கூடவே காயிலைச் சுடவும் வைத்தது.

கணக்கைப் பாருங்கள். இவ்வகைக் காயிலின் முதன்மைச் சுருளின் தடை சுமார் 1.4 ஓம். ஓடும் வண்டியில் 14 வோல்ட் நேராகப் போனால் 10 ஆம்பியர் வரை பாயலாம். இடையில் அதே அளவு தடை இருந்தால் 5 ஆம்பியர்தான். மின்னோட்டம் இரட்டித்தால் காயிலில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். அடிவாரத்தில் கை வைக்க முடிகிற காயில், தாழ்ந்த கியரில் மெதுவாக ஏறும்போது பானெட்டுக்குள் அடைபட்ட சூட்டையும் வாங்கிக்கொண்டு, உள்ளிருக்கும் காப்பு தளர்ந்து, பொறியைத் தர மறுக்கிறது. ஆறியதும் மறுபடி தருகிறது. பாயின்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு முகத்தில் பள்ளமும் மறுமுகத்தில் மேடும் கருநீலத் தீய்ப்பும் தெரியும். பாயின்ட்டில் எழும் தீப்பொறியை அடக்கும் கண்டென்சர் கெட்டாலும் அப்படித் தீயும் என்பதால் அதையும் மாற்றிவிடுங்கள்.

பெட்ரோல் ஆவியாவது என்னும் சந்தேகத்தை நின்ற இடத்திலேயே தீர்த்துக்கொள்ளலாம். பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவிலுள்ள தடித்த வயரைப் பிடுங்கி, காப்புறையுள்ள பிளையரால் அதன் முனையை இன்ஜின் இரும்பிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒருவரைச் செல்ஃப் எடுக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் கசிவு ஏதுமில்லை என்று பார்த்த பிறகே இதைச் செய்ய வேண்டும். ‘சடசட’வென நீலப் பொறி வந்தால் பெட்ரோல் பக்கம் பாருங்கள், மஞ்சளாக மினுக்கினாலோ ஒன்றுமே வராவிட்டாலோ குற்றவாளி காயில்தான். மலைப்பாதையில் பெட்ரோல் பம்ப்பின்மேல் ஈரத்துணி சுற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு. துணி காய்வதற்குள் காயிலும் ஆறிவிடுவதால், பெயர் துணிக்குப் போய்விடுகிறது.

சரிசெய்ய இரண்டு வழிகள். பழையபடியே இருக்க வேண்டுமென்றால் நேர் வயரை எடுத்துவிட்டு, 1.4 ஓம் அளவுள்ள ரெசிஸ்டன்ஸைச் சேர்த்து, ‘ஐ’ முனையின் வயரையும் காயிலுக்குத் திரும்பக் கொடுங்கள். பிறகு சாவியைப் போட்டு, பாயின்ட் மூடியிருக்கும் நிலையில் காயிலின் பிளஸ் முனையை மல்டிமீட்டரில் அளந்தால் 5 முதல் 7 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும்; இப்போது 12 காட்டும். அளந்தவுடன் சாவியை அணைத்துவிடுங்கள். மலை ஏறினால் போதும் என்பவர்கள், தனி ரெசிஸ்டன்ஸ் தேவைப்படாத 3 ஓம் காயிலைப் பொருத்திவிட்டு நேர் வயரை அப்படியே விடலாம். நானாக இருந்தால் இதைத்தான் செய்வேன்.

பாயின்ட் இடைவெளி 0.017 அங்குலம், அதாவது 0.43 மில்லிமீட்டர். பொறி எழும் வரிசை 1-5-4-2-6-3-7-8. இதில் 7, 8 ஆகிய சிலிண்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதோடு அடுத்தடுத்துப் பொறி பெறுபவை என்பதால், அவற்றின் பிளக் வயர்களை ஒட்டிப் போடக் கூடாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் தாவி, காரணம் புரியாத உதறல் வரும். எலக்ட்ரானிக் இக்னிஷன் பிறகு வாங்கினாலும், எந்தக் காயில், எத்தனை வோல்ட் என்று அதன் தாளில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே இணையுங்கள். பழைய பாயின்ட் தட்டு டிக்கியில் இருக்கட்டும்.

கேள்வி (வாசகர், அஸ்தம்பட்டி): என் கான்டெஸாவுக்கு முழுதாகப் பெயின்ட் அடித்த பிறகு, ஹார்ன் அடித்தால் ஹெட்லைட் மங்குகிறது. பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் மாற்றியும் பயனில்லை. ஏன்?

பதில்: பெயின்ட் அடித்த பிறகு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பேட்டரியின் மைனஸை பாடியோடு இணைக்கும் எர்த் வயரின் வளையம் இரும்பைத் தொடாமல் புதுப் பெயின்ட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. இரும்புக்குப் பேர்போன சேலத்தில் இரும்பு கிடைக்காமல் தவிக்கிறது உங்கள் மின்சாரம். விளக்கை எரியவிட்டு ஹார்னையும் அழுத்தச் சொல்லி, பேட்டரியின் மைனஸ் முனைக்கும் பாடிக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இடத்தைக் கழற்றி, வளையம் படியும் அளவுக்கு உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து, இறுக்கிய பின் வாஸ்லின் தடவுங்கள். ஹெட்லைட், ஹார்ன் அருகிலுள்ள எர்த் வயர்களுக்கும் இதே வைத்தியம்தான்.

கேள்வி (வாசகர், நாகலூர்): பனிமூட்டமான காலையில் மட்டும் என் அம்பாசிடர் உதறுகிறது. பிளக் புதிது.

பதில்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் ஈரம் படிகிறது. உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, பென்சிலால் கிழித்ததுபோல் மெல்லிய கருங்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மூடியை மாற்றுவது தவிர வழியில்லை. தேய்த்து எடுத்தாலும் அதே கோட்டில் மின்சாரம் திரும்ப ஓடும். கோடு இல்லாவிட்டால், பனி இறங்கிய இரவில் விளக்கையெல்லாம் அணைத்து, பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். கெட்டுப்போன வயரின்மேல் நீல நூல் போல மின்சாரம் ஓடுவது கண்ணுக்கே தெரியும்.