கொல்லிமலையில் ஆடி பதினெட்டு

அன்புள்ள ஐயா,

ஆடிப்பெருக்குக்குக் குடும்பத்தோடு கொல்லிமலை போயிருந்தோம். வளைவுகளில் ஊர்ந்து ஏறவே பாதி நாள் போய்விட்டது. வெள்ளம் என்று ஆகாய கங்கை அருவியில் குளிக்க விடவில்லை. செம்மேட்டில் வல்வில் ஓரி விழாக் கூட்டம், ஒலிபெருக்கி. எதையும் நிம்மதியாகப் பார்க்காமல் இறங்கினோம். அமைதியான மலைக்கு இப்படி ஓர் அரசு விழா தேவைதானா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பிள்ளைகளோடு ஏறி, அருவியைத் தொடாமல் திரும்புவது வருத்தம்தான். ஆனால் விழா வேண்டாம் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

பந்தலும் மலர்க்கண்காட்சியும் துறைவாரி அரங்குகளும் அரசு சேர்த்தவை. அவற்றை எடுத்துவிட்டாலும் ஆடி பதினெட்டு அங்கே இருக்கும். அன்று மக்கள் அய்யாற்றில் குளித்து, ஆற்று மீன்களுக்குப் பொரி போட்டு, அறப்பளீஸ்வரரைக் கும்பிடுவார்கள். மலையில் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று 14 ஊராட்சிகள். வீடுகள் காட்டுக்கும் கொல்லைக்கும் நடுவே சிதறிக் கிடக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் புதுத்துணி உடுத்தி ஒரே இடத்தில் கூடி, உறவுக்காரர்களைப் பார்த்துப் பேசும் நாள் அது. உங்களுக்கு இரைச்சலாகக் கேட்டது அவர்களுடைய திருவிழா. அங்கே நாம் விருந்தாளிகள்.

ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானையும் பன்றியையும் உருட்டி, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று கொல்லிமலையை ஆண்ட ஓரியின் வேட்டையைச் சங்கப் புலவர் வன்பரணர் பாடியிருக்கிறார் (புறநானூறு 152). அந்த ஓரியின் பெயரில் நடக்கும் விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. பிள்ளைகளுக்கு அதைக் காட்டாமல் இறங்கிவிட்டீர்களே என்றுதான் எனக்கு ஆதங்கம்.

அருவியை மூடியதும் நியாயமே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிச் சேரும் குறுகிய பள்ளத்தாக்கு அது. மலையின் மேற்புறத்தில் பெய்யும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் மட்டும் திடீரென்று வந்துவிடும்.

என் கவலை வேறு. இந்த மலையின் சாப்பாடு சாமையும் தினையும் கேழ்வரகும். பெருஞ்சாமை, மல்லியச்சாமை என்று சாமையிலேயே பல வகைகள். பிறகு சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்காகக் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) ஏறி வந்தது, கையில் பணம் புரண்டது, சாமைக்காடு சுருங்கியது. சாமையை உரலில் குத்தி உமி நீக்குவது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை என்பதும் ஒரு காரணம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறிய உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்து அந்தப் பாரத்தைக் குறைக்க முயன்றது. மிகச் சரியான இடத்தில் கைவைத்த வேலை என்று அதைச் சொல்வேன். சாமை உமி நீங்கி அரிசியாகக் கிடைத்தால்தான் வீட்டிலும் சமைப்பார்கள், நம்மைப் போன்றவர்களும் வாங்குவோம். பூக்களால் யானையும் மயிலும் செய்து வைக்கும் விழாவில், மலைச் சாமைக்கு அதைவிடப் பெரிய பந்தல் போட வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை.

மழை ஓய்ந்த பிறகு, விடுமுறை அல்லாத நாளில் மறுபடி போங்கள். ஓர் இரவு தங்குங்கள். காலையில் பிள்ளைகளோடு காரை விட்டு இறங்கி, மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே நடங்கள். சந்தை நாளாக இருந்தால் சோளக்காட்டில் நின்று, மலைக்காரர்கள் வாழைத்தாரும் மிளகும் விற்பதைப் பாருங்கள். படி இறங்கப் பெரியவர்களால் முடியாவிட்டால் மாசிலா அருவி போதும். ஆடி பதினெட்டுக்கே போவதாக இருந்தால், முந்தின நாளே ஏறிவிடுங்கள். வில்வித்தைப் போட்டி எப்போது என்று செம்மேட்டில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது இரண்டு கிலோ சாமை வாங்காமல் வராதீர்கள்.

அன்புடன்.