பிட்காயின் முழு நோட் (பரிவர்த்தனைத் தொகுப்புகளான பிளாக்குகள் எல்லாவற்றையும் தானே இறக்கிச் சரிபார்க்கும் நிரல்) ஓடும் 1 டிபி டிஸ்க் நிறையப் போகிறது, பழைய பிளாக் கோப்புகளை அழிக்கலாமா?

கையால் அழிக்கவே கூடாது. பிளாக்ஸ் ஃபோல்டரில் 128 எம்பி அளவில் வரிசையாக இருக்கும் பிஎல்கே கோப்புகளில் ஒன்று காணாமல் போனாலும், எந்த பிளாக் எந்தக் கோப்பில் என்று குறித்துவைக்கும் இண்டெக்ஸோடு கணக்கு உதைக்கும். அடுத்த முறை நோடின் மென்பொருளான பிட்காயின் கோர் திறக்கும்போதே ரீஇண்டெக்ஸ் (இண்டெக்ஸை மறுபடி கட்டுவது) கேட்டு நின்றுவிடும்.

மொத்தச் சங்கிலி 700 ஜிபியைத் தாண்டிவிட்டது. ஒரு நாளைக்குச் சுமார் 144 பிளாக், பிளாக்குக்கு ஒன்றரை முதல் இரண்டு எம்பி; வருடத்துக்கு 80 முதல் 100 ஜிபி ஏறும். கடைக்காரர் சொல்லும் 1 டிபி, கணினியில் 931 ஜிபிதான்.

முதலில் டிஎக்ஸ்இண்டெக்ஸ் (எந்தப் பரிவர்த்தனையையும் தேடியெடுக்க உதவும் கூடுதல் பட்டியல்) ஓடுகிறதா என்று பாருங்கள். 50 ஜிபிக்கு மேல் விழுங்கும். சொந்தமாக, பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கும் எக்ஸ்ப்ளோரர் மாதிரி எதையாவது ஓட்டாதவருக்கு அது வீண். கான்ஃபிக் கோப்பில் அணைத்து, நோடை நிறுத்தி, இண்டெக்ஸஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் அதன் ஃபோல்டரை மட்டும் தாராளமாக நீக்கலாம். லினக்ஸில் எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் வழக்கமாக 5% இடத்தை ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கென ஒதுக்கிவைக்கும். டேட்டாவுக்கு மட்டுமான டிஸ்க்கில் அதை டியூன்2எஃப்எஸ் கட்டளை கொண்டு 1% ஆக்கினால் சுமார் 37 ஜிபி திரும்பக் கிடைக்கும்.

பழைய பிளாக்குகள் தேவையே இல்லையென்றால், அவற்றை நோடே வெட்டிவிடும் ப்ரூன் அமைப்பு. குறைந்தபட்ச மதிப்பு 550, எம்பி கணக்கில். அதற்காக 550 வைக்காதீர்கள், 20000 வையுங்கள். வாலட்டைச் சில வாரம் திறக்காமல் விட்டு, அதற்குள் அந்தக் காலத்து பிளாக்குகள் வெட்டப்பட்டிருந்தால், மறுபடி ஸ்கேன் செய்ய வழியிருக்காது. முழுச் சங்கிலியையும் மீண்டும் இறக்க வேண்டும். ப்ரூனைப் பின்னால் அணைத்தாலும் அதே கதிதான். இன்னும் செலவாகாத காயின்களின் பட்டியல் இருக்கும் செயின்ஸ்டேட் ஃபோல்டர் பத்து ஜிபிக்கு மேல் தனியாக எடுக்கும். அது ப்ரூனில் சுருங்காது.

எல்லா பிளாக்கும் வேண்டும் என்பவருக்கு பிளாக்ஸ்டிர் அமைப்பு. பிளாக்குகளை மலிவான ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டு, செயின்ஸ்டேட்டை எஸ்எஸ்டியிலேயே விடுங்கள். ஓயாமல் அங்குமிங்கும் படித்து எழுதுவது செயின்ஸ்டேட்தான். அதை ஹார்ட் டிஸ்க்கில் வைத்தால் நோட் நத்தையாகிவிடும். நோடை நிறுத்தி, அது முழுவதும் மூடியதை டீபக் லாகில் உறுதிசெய்த பிறகே பிஎல்கே கோப்புகளையும், பிளாக்கைப் பின்வாங்கத் தேவைப்படும் ரெவ் கோப்புகளையும் நகர்த்துங்கள். 28ஆம் பதிப்பிலிருந்து அங்கே எக்ஸ்ஓஆர்.டாட் என்று, பிளாக் கோப்புகளை உருமாற்றி எழுதும் சாவி உள்ள ஒரு குட்டிக் கோப்பும் இருக்கும். பலர் மறப்பது இதைத்தான். புதிதாக சிங்க் ஆன நோடில் இதை விட்டுவிட்டுப் போனால் பிளாக்குகளைப் படிக்கவே முடியாது. பிளாக்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் இண்டெக்ஸ் ஃபோல்டர் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கட்டும்.

கணினி மறுபடி துவங்கும்போது ஹார்ட் டிஸ்க் மவுண்ட் ஆகாமல் (கணினியோடு இணையாமல்) போனால், நோட் வெறும் ஃபோல்டரைப் பார்த்துவிட்டு ரீஇண்டெக்ஸ் செய்யவா என்று கேட்கும். பதறிப்போய்ச் சம்மதித்தால் முதல் பிளாக்கிலிருந்து இறக்கத் தொடங்கி, இயங்குதளம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை நிரப்பிவிடும். மறுத்துவிட்டு, மவுண்ட் செய்து, பிறகு திறங்கள்.