அவருக்கு 70 வருகிறது, ஆசைக்குச் செலவழிக்கலாமா?

கேள்வி: நான் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வயது 66. கும்பகோணத்தில் சொந்த வீடு. அடிப்படை ஓய்வூதியம் 33,000 ரூபாய். கம்யூட்டேஷன் (ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்பே மொத்தமாக வாங்கியதற்கான) பிடித்தம் போக, அகவிலைப்படி சேர்ந்து கைக்கு 41,000 வருகிறது. வீட்டுச் செலவும் மருந்தும் 30,000 ஆகும். 2023 ஆகஸ்டில் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் போட்டேன். ஒரே வங்கியில் 12 லட்சம் டெபாசிட் இருக்கிறது. சேமிப்புக் கணக்கில் 1,90,000 சும்மா கிடக்கிறது. கணவர் கடையில் கணக்கு எழுதியவர், அவருக்கு ஓய்வூதியம் இல்லை. வரும் மாசியில் அவருக்கு 70. திருக்கடையூரில் பீமரத சாந்தி செய்ய வேண்டும், தீபாவளிக்குப் பேரப்பிள்ளைகள் எல்லோரும் வர வேண்டும், ஆசிரியர் பயிற்சிக் காலத்துத் தோழிகளோடு வருடம் ஒருமுறை எங்காவது போய் வர வேண்டும் என்றெல்லாம் ஆசை. "ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைம்மா" என்கிறான் மகன். அவனுக்கு வீட்டுக் கடன் ஓடுகிறது. கொழுந்தனாரோ மண்டபம் பிடித்து 6 லட்சத்தில் ஊர் மெச்சச் செய்யச் சொல்கிறார். நான் ஆசைப்படுவது தப்பா?

பதில்: தப்பே இல்லை அம்மா. உங்கள் வருமானத்துக்குள் அடங்கும் ஆசைகள்தான் இவை. உங்கள் மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதனால் அவர் பயப்படும் இடத்தை முதலில் அடைத்துவிடுவோம்.

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது, உங்கள் கணவருக்குத் தனி வருமானம் இல்லை என்பதுதான். உங்களுக்குப் பின் அவருக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும். உங்கள் ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் என்றால், குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம். கம்யூட்டேஷன் பிடித்தம் அதில் இருக்காது. இன்றைய அகவிலைப்படியோடு பார்த்தால் 30,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும். ஒருவருக்கு அது போதும். தபால் நிலையக் கணக்கில் அவர் ஒருவரையே நாமினியாகப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படி இருந்தால் முதிர்வு வரை அந்தக் கணக்கை அவரே தொடர முடியும். வங்கி டெபாசிட்டை, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்காக மாற்றிவிடுங்கள்.

அந்த 12 லட்சம்தான் ஆஸ்பத்திரிப் பணம். ஓய்வூதியர் காப்பீட்டுத் திட்டம் இருந்தாலும், வீட்டுக்கு வரும் நர்ஸுக்கும் வெளிநோயாளிச் சிகிச்சைக்கும் பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்கும் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டியிருக்கும். வங்கி மூழ்கினால் கிடைக்கும் டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான் என்பதால், முதிரும்போது மூன்று வங்கிகளில் பிரித்துப் போடுங்கள். மாதம் மிஞ்சும் 11,000-ல் 8,000-ஐ ஆர்.டி.யாகப் போட்டு இதே பணத்தோடு சேர்த்து வாருங்கள். மண்டபத்துக்காக இதைத் தொடவே கூடாது.

இனி உங்கள் ஆசைக்கு வருகிறேன். மூத்த குடிமக்கள் திட்டத்தில் நீங்கள் போட்டபோது வட்டி 8.2 சதவீதம், ஐந்து வருடத்துக்கும் அது மாறாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய், வருடத்துக்கு 1,23,000. இந்த வட்டி வரும் நாட்களைக் கவனித்தீர்களா? ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி. கோடை விடுமுறை, ஆடி, தீபாவளி, பொங்கல்! இந்த வட்டி முழுவதையும் விசேஷங்களுக்கென்றே ஒதுக்குங்கள். தனிச் சேமிப்புக் கணக்கில் அது வந்து விழட்டும். அதிலிருந்து எடுக்கும்போது யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் மனசாட்சிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறந்துவிடுகிறது. அக்டோபர் வட்டியை நம்பியிருந்தால் தீபாவளி டிக்கெட் போயிருக்கும். ஜூலைப் பணத்தில் பிள்ளைகளுக்குப் போக வர டிக்கெட் எடுத்துவிடுங்கள். துணிமணி, பலகாரம், பட்டாசு அக்டோபர் பணத்தில். பேரப்பிள்ளைகளுக்கு விலையுயர்ந்த பொருள் வாங்கித் தருவதைவிட அவர்களை உங்கள் வீட்டுக்கு வரவழைக்கச் செலவழிப்பதே மேல் என்பேன்.

வரிக்குப் பயப்பட வேண்டாம். எல்லா வட்டியும் சேர்ந்தால்கூட உங்கள் வருமானம் சுமார் 7 லட்சம்தான். புதிய முறையில் வரி கிடையாது. ஆனால் வட்டி வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் வரிப் பிடித்தம் செய்துவிடுவார்கள். எனக்கு வரி வராது என்று எழுதித் தரும் உறுதிமொழிப் படிவத்தை ஏப்ரலிலேயே கொடுத்துவிடுங்கள்.

தோழிகளில் ஒருவர் கணவரை இழந்தபின் செலவுக்குத் தயங்கி வராமல் இருக்கிறார், அவர் பங்கையும் நீங்களே கொடுக்க நினைக்கிறீர்கள் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கொடுங்கள். கடனாக வேண்டாம்; கடன் என்றால் அடுத்த முறை அவர் வரவே மாட்டார். பொதுப் பணம் ஒன்றைச் சேர்த்து, எல்லோருக்கும் அதிலிருந்தே டிக்கெட் எடுத்தால் யார் பங்கு எவ்வளவு என்ற பேச்சே எழாது. வருடம் ஒரு பயணம் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஆடிப்பெருக்குக்குப் புளியோதரையும் தேங்காய் சாதமும் கட்டிக்கொண்டு காவிரிக்கரைக்குப் போக எவ்வளவு ஆகிவிடப் போகிறது? நாற்பது வருடப் பழக்கம் அம்மா, அடிக்கடி பாருங்கள்.

பீமரத சாந்திக்கு 1,50,000 ரூபாய் என்று உச்சவரம்பு வையுங்கள். சும்மா கிடக்கும் பணத்திலிருந்தே எடுக்கலாம். நெருங்கிய உறவும் நட்புமாக ஐம்பது பேர். வேன், தங்கும் அறை, ஹோமம், சாப்பாடு, புடவை வேட்டி எல்லாம் அதற்குள். இன்றைய விலையில் தாலிக்குப் புதுத் தங்கம் வாங்க வேண்டாம், வீட்டிலிருக்கும் பழைய தங்கத்தை மாற்றிச் செய்யுங்கள். கொழுந்தனார் சொல்லும் 6 லட்சத்துக்குத் தபால் நிலையக் கணக்கை இப்போது முடித்தால், போட்ட தொகையில் ஒரு சதவீதம், அதாவது 15,000 ரூபாய் பிடிப்பார்கள். அதோடு வருடா வருடம் வர வேண்டிய தீபாவளியும் பொங்கலும் அந்த ஒரு நாள் பந்தியிலேயே முடிந்துவிடும். அவரிடம் உறுதியாகவே மறுத்துவிடுங்கள்.

மகனைப் பற்றி எனக்கு ஒன்று தோன்றுகிறது. இந்த விசேஷத்தைப் பிள்ளைகள்தான் நடத்தி வைக்க வேண்டும் என்பது நம் வழக்கம். கடன் ஓடும் நேரத்தில் செலவு தன் தலையில் விழுமோ என்ற கவலை அவருக்கு இருக்கலாம். அதை அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிப் பணம் தனியாக இருப்பதைக் காட்டிவிட்டு, "செலவு எங்களுடையது, நீயும் தங்கையும் முன்னால் நின்று நடத்தி வைத்தால் போதும்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். தேதி குறிப்பதற்கு முன்பே சொல்லுங்கள், அவருக்கு விடுப்புக் கேட்க வசதியாக இருக்கும்.